டாக்டரம்மாவும் டிரைவரின் இடப்பக்கமும்

அவரை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கண் அனுப்புவதை மூளை எப்படி வாங்கிப் புரிந்துகொள்கிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். இதை அக்கம்பக்கத்தாருக்குப் புரியவைக்க இருபத்தைந்து வருடம் முயன்று தோற்றார். "அப்படியா, சரி சரி, எனக்கு ரெண்டு நாளா கண்ணு உறுத்துது, கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். அவரும் மெனக்கெட்டு டார்ச் எடுத்துவந்து பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் அவருடைய ஆய்வகத்தில் மெக்கானிக். வேலை உத்தரவில் கருவிப் பராமரிப்பாளர் என்று நீளமாகப் போட்டிருக்கும். அவர் வேலையை விட்டுப் போனதும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அவரைப் பற்றி நாலு வரி போட்டார்கள். உடல்நலக் காரணத்தால் விருப்ப ஓய்வாம். அவருக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. படித்தவர்கள் அச்சடித்த பொய்யைப் பார்த்த பிறகுதான், படிக்காதவன் எழுதினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று நான் உட்கார்ந்தேன்.

எங்கள் அறை நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர், கூரை, நாற்காலி, கதவின் உட்பக்கம் எல்லாவற்றுக்கும் நான் என் கையால் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். நடுவில் ஒரு நாற்காலி. கண்ணாடிக் கடையில் தாடையை வைக்கச் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு தாங்கி. எதிரே திரை. பின்னால் கனத்த திரைச்சீலை, அதற்கும் பின்னால் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் இரண்டு ஸ்டூல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்குக் குழந்தைகள் மேல்தான் ஆசை. பிறந்த குழந்தை தன் அம்மாவின் முகத்தை எப்போது முகம் என்று அறிகிறது, அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பார். "இதை ரெண்டு வருஷத்துல முடிச்சிட்டு அங்க போயிடலாம்ண்ணே" என்றார். இது என்று அவர் சொன்னது டிரைவரின் இடப்பக்கத்தை.

டிரைவர் இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவர். ஒருநாள் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, பார்வையில் இடது பாதி போய்விட்டது. இரண்டு கண்ணும் நன்றாகவே இருந்தன. கண் அனுப்புவதை வாங்கிக்கொள்கிற மூளைப் பகுதிதான் செத்துப் போயிருந்தது. நேராகப் பார்த்தால் மூக்குக்கு இடப்பக்கம் அவருக்கு எதுவும் கிடையாது. இருட்டாகத் தெரியுமா என்று கேட்டேன். "உங்க முதுகுக்குப் பின்னால இருக்கறது உங்களுக்கு இருட்டாவா தெரியுது? தெரியவே இல்லல்ல, அப்படித்தான்" என்றார் டாக்டரம்மா. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முதுகைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சோதனை இதுதான். டிரைவர் தாடையை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அவருக்குத் தெரியாத இடப்பக்கத்தில், கண் சிமிட்டும் நேரம் ஒரு வெளிச்சம் விழும். மேலே விழுந்ததா கீழே விழுந்ததா என்று சொல்ல வேண்டும். தெரியாதே என்றால், தோன்றுவதைச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னால் ஐம்பதுக்கு இருபத்தைந்து சரியாக வரும். அதைவிடக் கூடினால், தனக்குத் தெரிகிறது என்று அந்த ஆளுக்கே தெரியாமல் மூளை எங்கோ பார்க்கிறது என்று அர்த்தம். பழகப் பழக அது வளருமா? அதுதான் டாக்டரம்மாவின் கேள்வி.

கருவி என்னுடையது. விடாமல் எரிகிற ஒரு பல்பு, அதன் வெளிச்சத்தைச் சிமிட்டும் நேரம் மட்டும் வெளியே விடுகிற ஒரு தகடு, ஒரு சின்னக் கண்ணாடி, கண்ணாடியை நடுவிலிருந்து மேலேயும் கீழேயும் திருப்ப ஒரு மோட்டார். கண்ணாடி போய் இடித்து நிற்க இரண்டு பக்கமும் மெத்தென்று ஏதாவது வேண்டும். கையில் ரப்பர் ஒரு துண்டுதான் இருந்தது. மேல்பக்கம் அதை ஒட்டினேன். கீழ்ப்பக்கம் என் பழைய செருப்பிலிருந்து தோலை வெட்டி ஒட்டினேன். பிரமாதமாக வேலை செய்தது. டாக்டரம்மா என் முதுகில் தட்டி, "உங்க செருப்பு வரலாற்றுல எடம் பிடிக்கப்போவுது" என்றார்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. சோதனை நடக்கும்போது மூச்சு விடக்கூடாது. சரியா தப்பா என்று சொல்லக்கூடாது. நம் முகத்தையோ குரலையோ வைத்து அவர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நாங்களே பார்க்கக்கூடாது; கருவிப் பெட்டி தானே முடிவு செய்து தானே குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முடிந்ததும் டிரைவர் எழுந்து, "என்ன டாக்டரம்மா, இன்னிக்குப் பாஸா ஃபெயிலா?" என்பார். "சொல்லக்கூடாதுண்ணே" என்பார் இவர். "ஆமாமா, பெரிய ராணுவ ரகசியம்" என்று சிரித்துக்கொண்டே போவார்.

முதல் மாதம் இருபத்தெட்டு. ஆறாவது மாதம் முப்பத்தைந்து. ஒரு வருடத்தில் நாற்பத்தொன்று. டாக்டரம்மா திரைச்சீலைக்குப் பின்னால் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். கட்டுரை வந்தது. பரிசு வந்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து என் கருவியை வரைந்துகொண்டு போனார்கள், ரப்பர், தோல் உட்பட அப்படியே செய்தார்கள், அவர்களுக்கும் வந்தது. டிரைவரைப் போல இன்னும் முப்பது பேரைக் கூப்பிட்டுச் சோதித்தோம். சிலருக்கு வந்தது, சிலருக்குத் தலைகீழாக நின்றாலும் வரவில்லை. அதற்கும் டாக்டரம்மா ஒரு கட்டுரை எழுதினார்: மூளையில் இரண்டு வகை, முதல் வகை பழகும், இரண்டாம் வகை பழகாது. பிறகு ஒரு கையேடு. இடப்பக்கம் போனவர்கள் பழகி முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். தெரியாவிட்டாலும் தோன்றுவதை நம்புங்கள் என்று ஒரு வரி, தடித்த எழுத்தில்.

அத்தோடு மாட்டிக்கொண்டார். புலிவாலைப் பிடித்த கதைதான். குழந்தைகள் ஆராய்ச்சிக்கு மூன்று தடவை விண்ணப்பம் போட்டார். இடப்பக்கத்தில் இவ்வளவு பெயர் வாங்கிவிட்டு ஏன் வேறு பக்கம் போகிறீர்கள் என்று மூன்று தடவையும் திருப்பி அனுப்பினார்கள். கூட்டத்துக்குப் போனால் இடப்பக்கம். மாணவர்கள் வந்தால் இடப்பக்கம். ஆறு பேர் அதிலேயே பட்டம் வாங்கினார்கள். அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாயைத் திறக்காத மனிதர். மகள் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். "எங்கம்மாவுக்கு ரெண்டு பொண்ணு மாமா. நான் ஒண்ணு, டிரைவர் மாமாவோட இடப்பக்கம் ஒண்ணு. அதுதான் செல்லம்" என்று என்னிடம் சொல்லுவாள். டாக்டரம்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

பதினோராவது வருடம் புதுக்கட்டடம் கட்டி எங்களை மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள். வெளிச்சம், காற்று, ஜன்னலுக்கு வெளியே சாலை. என் கருவியை மூட்டை கட்டிவிட்டுப் பெரிய கணினித் திரை ஒன்றை வைத்தார்கள். முதல் செவ்வாய், இருபத்தாறு. அடுத்தது, இருபத்துநாலு. அப்புறம் இருபத்தைந்து. டாக்டரம்மாவுக்கு முகமே வெளிறிவிட்டது. திரையைக் குறை சொன்னார், அறை வெளிச்சத்தைக் குறை சொன்னார், டிரைவருக்கு மறுபடி அடைப்போ என்று பயந்து ஸ்கேன் எடுக்க வைத்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "பழசை எறக்குங்கண்ணே" என்றார்.

பழைய கருவியை இறக்கி, திரைச்சீலையும் கட்டி மாடியிலேயே வைத்தேன். நாற்பத்திரண்டு! நானே விசில் அடித்திருப்பேன். நம்ம சரக்குக்கு ஈடு உண்டா என்று அந்த வாரம் முழுக்க மிதப்பாகத் திரிந்தேன்.

அடுத்த செவ்வாய் நாற்பத்தொன்று. டிரைவர் கிளம்பிப் போனதும் துடைத்து வைக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். ஒரு மணி நேரம் எரிந்த பல்பு, தொட்டால் கை பொத்துப்போகும். எப்போதும் துணியால்தான் பிடிப்பேன். அன்று மறந்துபோய் வெறும் கையால் பிடித்துவிட்டேன். ஜில்லென்று இருந்தது. தூக்கிப் பார்த்தேன், உள்ளே கம்பி அறுந்து கண்ணாடி கறுத்திருந்தது. அன்று அந்தப் பல்பு எரியவே இல்லை. வெளிச்சமே இல்லாமல் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று சரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்; யோசித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு பல்பைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்துச் சொன்னேன். அவர் எழுந்து வந்து டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தாடையை வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"போடுங்கண்ணே."

பல்பு இல்லாமலே ஓட்டினேன். மேல, கீழ, கீழ, மேல என்று சொல்லிக்கொண்டே போனார். ஐம்பதுக்கு நாற்பத்தேழு.

மேலே போய் இடிக்கும்போது டொப். கீழே இடிக்கும்போது டக். ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் செருப்பு. காது கேட்கிற எவனுக்கும் கொஞ்சநாளில் பழகிவிடும், தனக்குப் பழகியது என்றே தெரியாமல். எங்களுக்கு அது தினம் கேட்டுக் கேட்டு, கேட்காமலே போய்விட்டது. அந்த இரண்டாம் வகை மூளைக்காரர்கள் யார் என்று இப்போது யோசித்துப் பார்த்தேன். பாதிப்பேர், நான் "வாங்க" என்று சொன்னதையே இரண்டு தடவை சொல்லவைத்தவர்கள். மூளையும் இல்லை மண்ணும் இல்லை, காது மந்தம்.

"பதினோரு வருஷமா கண்ணுக்கு என்னென்னவோ பாதுகாப்பு வெச்சேன்ண்ணே" என்றார் டாக்டரம்மா, கண்ணைத் திறக்காமலே. "மனுஷனுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கறது எனக்குத் தோணவே இல்ல."

மறுநாளே நிறுவனத் தலைவரிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் நல்லவர்தான், அதுதான் கஷ்டம். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாலு மாசம் பொறுங்க. மதிப்பீட்டுக் குழு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் மெதுவா ஒரு சின்னத் திருத்தம்னு போட்டுக்கலாம்."

"சின்னத் திருத்தமா சார்?"

"ஆறு பிள்ளைங்க பட்டம் வாங்கியிருக்காங்க. அதுல ரெண்டு பேர் இப்பத்தான் வேலையில சேர்ந்திருக்காங்க. அவங்க சோத்துல மண்ணள்ளிப் போடப்போறீங்களா? நான் சொல்லாதீங்கன்னு சொல்லல. இப்பச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்."

அந்த ஆறு பேரையும் டாக்டரம்மா தன் வீட்டில் உட்காரவைத்து எழுதக் கற்றுக்கொடுத்தவர். சாத்திய கதவைத் திறந்துகொண்டு திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை வந்தது. சோதனையை நிறுத்தினால் டிரைவர் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் நிறுத்தவில்லை. நான் புதுப் பல்பு மாட்டினேன். டொப், டக், டொப் என்று கேட்டுக்கொண்டே திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். அது எனக்கு இன்னும் ஆறாத புண்.

அப்படி ஆறு வாரம். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார் என்று வாத்தியார் எனக்குப் போன் செய்தார். அவர் தானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. "சொல்லிடேன்னு சொன்னேன். சொல்லிட்டு நாளைக்கு எந்த அறைக்குப் போறதுன்னு கேக்குறா. எனக்குப் பதில் தெரியல" என்றார். நானும் அந்த அறையைத் தவிர வேறு அறை தெரியாதவன்.

எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "உங்களுக்கு என்ன மேடம், உங்க பேர்ல கட்டுரை. தப்பு என் செருப்புல. மெக்கானிக் சொதப்பிட்டான்னு எழுதிப் போட்டுட்டுத் தப்பிச்சுக்கோங்க" என்று கத்திவிட்டேன். "வாயை மூடுங்கண்ணே" என்றார். பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. பிறகு மெதுவாக, "செருப்பை ஒட்டினது நீங்க. கேக்காம விட்டது நான்" என்றார்.

ஏழாவது செவ்வாய், இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் இருக்கிற கடைசி நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். பஸ் போனதும், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்போல் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தார். இடப்பக்கத்திலிருந்து ஒரு பைக். நான் கண்ணாடியை ஓங்கி அடித்தேன். மூன்றாவது மாடியிலிருந்து அடித்தால் யாருக்குக் கேட்கும்? பைக்காரன் பிரேக் போட்டு வழுக்கி, கால் ஊன்றி, டிரைவரின் சட்டையை உரசினாற்போல நின்றான். ஏதோ கத்தினான். டிரைவர் நடையின் வேகத்தைக்கூட மாற்றவில்லை. தன் பக்கத்தில் ஒரு பைக் நிற்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

மேலே சிரித்துக்கொண்டே வந்தார். "யாரோ பொழப்பத்தவன் நடுரோட்டுல நின்னு கத்துறான். நான் பாட்டுக்கு வந்துட்டேன்."

"இடப்பக்கம் திரும்பிப் பாக்கலியாண்ணே?" என்றார் டாக்டரம்மா.

"எதுக்கு? நம்புங்கன்னு நீங்கதானே புத்தகத்துல போட்டிருக்கீங்க! வீட்டுல அவ, திரும்பிப் பாரு திரும்பிப் பாருன்னு நச்சரிப்பா. சும்மா இருடி, எம்மூளை பாத்துக்கும், டாக்டரம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சொல்லிடுவேன்."

டாக்டரம்மா கையிலிருந்த கப்பை ஜன்னல் திண்டில் வைத்தார். அப்போதே அங்கேயே சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை. புது ரூமில் குறைந்த மார்க், சத்தம், செருப்பு, எரியாத பல்பு, ஆறு வாரமாக மறைத்தது, எல்லாம். டிரைவர் முதலில் சிரித்தார். அப்புறம் முகம் சுண்டிவிட்டது.

"என்னைக் கழட்டிவிடப் பாக்குறீங்க. புது ரூம்ல எனக்கு மார்க் கொறஞ்சுபோச்சு, அதானே? நேராச் சொல்லுங்களேன்."

"உக்காருங்கண்ணே."

பல்பைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். "இது உங்க கையில இருக்கட்டும்" என்றார். என்னை ஓட்டச் சொன்னார். அந்த அறையின் சட்டத்தை முதல் தடவையாக அவரே உடைத்தார்.

"மேல."

"சரிண்ணே."

"கீழ."

"சரி."

"கீழ."

"சரி."

பதினோரு வருடமாக டிரைவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. ஒவ்வொரு சரிக்கும் கையிலிருந்த பல்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இருபதாவதில் நிறுத்தி, பல்பை வாங்கி மறுபடி மாட்டிவிட்டு, அவர் காதில் பஞ்சை அடைத்து, அதன்மேல் என் கையால் பொத்திக்கொண்டேன். டாக்டரம்மாவே பொத்தானை அழுத்தினார். தப்பானால் டிரைவரின் முன்னால் கையை ஆட்டிக் காட்டினார். தப்பு. சரி. தப்பு. தப்பு. எட்டாவதோடு டிரைவர் நிறுத்திவிட்டார். அவர் தாடை தாங்கியில் இருந்தது, நகரவில்லை. என் கையையும் பஞ்சையும் எடுத்துவிட்டார்.

"அப்போ பதினோரு வருஷமா அந்தப் பக்கம் யாருமே இல்லியா?" என்றார்.

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அழுதார். நானும் அழுதேன். டிரைவர் அழவில்லை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடிக்க நினைப்பது அதில் இல்லை. அன்று மாலையே டாக்டரம்மா பத்திரிகைகளுக்கு எழுதினார், கட்டுரைகளையும் கையேட்டையும் திரும்பப் பெறுவதாக. கையேட்டை வாங்கிய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தன் கைப்படக் கடிதம் எழுதினார். ஆறு மாணவர்களில் நாலு பேர் அவருடன் பேசுவதில்லை. தலைவர் வருத்தத்தோடு விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டு அவரை அனுப்பிவைத்தார். இப்போது டாக்டரம்மா வீட்டில் இருக்கிறார். குழந்தைகள் ஆராய்ச்சியை இனி எந்த நிறுவனம் அவரிடம் நம்பிக் கொடுக்கும்? அவரும் கேட்பதில்லை.

அன்று டிரைவரைப் பஸ் ஏற்றிவிட இரண்டு பேரும் கூடவே இறங்கினோம். சாலை ஓரத்துக்கு வந்ததும் அவர் நின்றார். கழுத்தை இடப்பக்கம் திருப்பினார். உடம்பையும் சேர்த்துத் திருப்பினார். அப்புறம் வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பியதும் இடப்பக்கம் மறுபடி இல்லாமல் போய்விடும் அல்லவா, அதனால் உடனே மறுபடி இடப்பக்கம். சாலை காலியாக இருந்தது. அவர் காலை எடுத்து வைக்கவில்லை. மறுபடி திரும்பினார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. இருபத்தேழு வருடம் பஸ்ஸை நெரிசலில் புகுத்தி ஓட்டிய மனிதர். அவர் பஸ் எதிரே வந்து நின்றுவிட்டுப் போனது.

டாக்டரம்மா அவருடைய இடப்பக்கம் போய் நின்று கையைப் பிடித்தார்.

"வாங்கண்ணே, போலாம். வண்டி எதுவும் வரல."

டிரைவர் கையை உதறவில்லை. நகரவும் இல்லை.

"வரலன்னு நீங்கதானே சொல்றீங்க" என்றார்.